கார்டிசால் கூடினால் மூளை சுருங்கிவிடுமா?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக ஒரு பதில் அனுப்பிவிட்டேன். இன்றே ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள் என்பதைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. உங்கள் நிலையில் இன்னும் பலர் இருப்பார்கள், அவர்களுக்கும் இது போய்ச் சேர வேண்டும் என்றுதான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் நீண்ட கடிதத்தில் பெரும்பகுதி கார்டிசால் எண்ணைப் பற்றித்தான். மன அழுத்தத்தின்போது கூடும் ஹார்மோன் அது. அது மூளையைச் சுருக்கும் என்று ஒரு காணொளி சொன்னது உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. உங்களுக்கு 68 வயது, கணவருக்கு 72. இருவரும் பரிசோதித்ததில் உங்களுக்கு 23, அவருக்கு 9. ஒரே வீடு, ஒரே கவலைகள், அவருக்கு மட்டும் எப்படிக் குறைவு என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திரும்பத் திரும்பப் படித்தது அதை அல்ல. கடைசியில் போகிற போக்கில் எழுதிய சில வரிகளைத்தான். மூட்டுவலிக்காக ஐந்து மாதமாக பிரெட்னிசோலோன் 10 மில்லிகிராம் மாத்திரை சாப்பிட்டு வந்தீர்கள். அது ஸ்டீராய்டு, கார்டிசால் மாதிரியே வேலை செய்யும் என்று இணையத்தில் படித்ததும் ஒன்பது நாளுக்கு முன் சட்டென்று நிறுத்திவிட்டீர்கள். இப்போது எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டுகிறது. "கார்டிசால் இவ்வளவு கூடியதால்தான் இப்படியா?" என்று கேட்கிறீர்கள்.

நேர்மாறாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உங்கள் உடம்பில் இப்போது கார்டிசால் போதவில்லை என்று சந்தேகிக்கிறேன்.

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ், அதற்குக் கீழே பிட்யூட்டரி, சிறுநீரகங்களின் தலைமேல் அட்ரினல் சுரப்பிகள். மேலிருந்து உத்தரவு வந்தால் அட்ரினல் கார்டிசாலைச் சுரக்கும். ரத்தத்தில் போதுமான அளவு வந்ததும் மூளை அதைக் கண்டுகொண்டு உத்தரவை நிறுத்திவிடும். நீங்கள் வெளியிலிருந்து ஸ்டீராய்டு போட்டுக்கொண்டாலும் மூளைக்கு வித்தியாசம் தெரியாது, போதும் என்றே எடுத்துக்கொள்ளும். உடம்பு ஒரு நாளைக்குச் சுரக்கும் கார்டிசாலுக்கு ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் சமம். நீங்கள் சாப்பிட்டது அதைப்போல இரண்டு மடங்கு, அதுவும் ஐந்து மாதம். மூன்று நான்கு வாரம் தாண்டினாலே அட்ரினல் வேலையை மறக்க ஆரம்பித்துவிடும். மாத்திரையை நிறுத்திய மறுநாளே அது விழித்துக்கொள்ளாது. பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆகலாம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும்.

அந்த இடைவெளியில்தான் ஆபத்து. ரத்த அழுத்தத்தையும் ரத்தச் சர்க்கரையையும் தாங்கிப் பிடிப்பதில் கார்டிசாலுக்குப் பெரிய பங்கு உண்டு. அது இல்லாதபோது முதலில் சோர்வு, பசியின்மை, எழுந்து நிற்கையில் தலைசுற்றல் என்று மெதுவாகத்தான் தொடங்கும். வயதானவர்கள் இதை வயசாகிவிட்டது என்று தள்ளிவிடுவார்கள். அப்புறம் ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வரும். வழக்கமாக அந்த நேரத்தில் உடம்பு கார்டிசாலைப் பல மடங்கு கூட்டிக்கொள்ளும், இவர்களுக்குக் கூட்ட முடியாது. வாந்தி, வயிற்றுவலி, மயக்கம், மனக்குழப்பம் என்று சில மணி நேரத்தில் நிலைமை உயிருக்கே வந்துவிடும்.

அதனால் சொல்கிறேன். ஸ்டீராய்டு மாத்திரையை வாரக்கணக்கில் சாப்பிட்டு நிறுத்தியவருக்கோ குறைத்தவருக்கோ எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால், அதோடு குமட்டலோ காரணம் தெரியாத எடைக்குறைவோ இருந்தால், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். வாந்தி நிற்கவில்லை, மயங்கி விழுந்தார், பேச்சு குழறுகிறது என்றால் நேராக அவசரப் பிரிவுக்குத்தான். அங்கே வாய் திறந்து முதலில் சொல்ல வேண்டியது: "ஸ்டீராய்டு சாப்பிட்டு வந்தேன், நிறுத்திவிட்டேன்." இதைச் சொன்னால் ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியும் சலைனும் உடனே ஏறும். சொல்லாவிட்டால் வயிற்றுக் கோளாறு என்று நினைத்து நேரத்தை இழக்க வாய்ப்பு உண்டு. கூட இருப்பவர்களுக்கும் இந்த வாக்கியம் தெரிந்திருக்கட்டும், நீங்களே பேச முடியாத நிலையில் இருக்கலாம்.

மருத்துவர் உங்களை ஐந்து நிமிடம் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்ப்பார். பிறகு நிற்க வைத்து ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பார்ப்பார். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் தலைசுற்றலுக்குக் காரணம் கையில் கிடைத்துவிட்டது. ரத்த அழுத்த மாத்திரை கூடிப்போனாலும் இப்படி இறங்கும், அதனால் அந்த மாத்திரையையும் காட்டுங்கள். சோடியம், சர்க்கரை, காலை நேரத்துக் கார்டிசால் இவற்றையும் கேட்பார். பெரும்பாலும் பிரெட்னிசோலோனைத் திரும்பத் தொடங்கச் சொல்லி, பிறகு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார். குறைக்கும் வேகத்தை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாகப் பாதி மாத்திரை, கால் மாத்திரை என்று கணக்குப் போடாதீர்கள்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், அந்த மாத்திரையைப் பத்து நாளைக்குத்தான் எழுதிக் கொடுத்தார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். வலி பறந்துவிட்டது, அதே சீட்டைக் காட்டிக் காட்டி ஐந்து மாதம் வாங்கிவிட்டீர்கள். யாரைக் கேட்டுத் தொடர்ந்தீர்கள்? யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்? இரண்டு முடிவையும் தனியாக எடுத்திருக்கிறீர்கள். இரண்டில் மோசமானது நிறுத்தியதுதான்.

சரி, இனி அந்த 23. பல ஆய்வகங்களில் காலை நேரக் கார்டிசால் டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 5 முதல் 25 மைக்ரோகிராம் வரை சாதாரணம். உங்கள் எண் அதற்குள்ளேதான் இருக்கிறது. அதைவிட முக்கியமான விஷயம், அன்று காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் ரத்தம் கொடுக்கப் போயிருக்கிறீர்கள். பிரெட்னிசோலோனும் கார்டிசாலும் அமைப்பில் நெருங்கிய உறவு. பல ஆய்வகக் கருவிகள் இரண்டையும் சரியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை, மாத்திரையையும் கார்டிசாலாகவே எண்ணிவிடும். ஆக, உங்களைப் பயமுறுத்திய எண்ணில் ஒரு பங்கு மாத்திரையாகவே இருந்திருக்கலாம். உங்கள் சொந்தக் கார்டிசால் அதற்குக் கீழே அடங்கிக் கிடந்திருக்கலாம்.

உங்கள் கணவர் ரத்தம் கொடுத்தது மாலை ஐந்து மணிக்கு. கார்டிசால் விடியும் முன்பே ஏறத் தொடங்கி, விழித்த முப்பது நாற்பது நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும், பிறகு நாள் முழுக்க இறங்கி நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு வரும். மாலையில் காலை அளவின் பாதிதான் இருந்தாலும் அது இயல்பு. காலை எட்டு மணி எண்ணையும் மாலை ஐந்து மணி எண்ணையும் பக்கத்தில் வைத்து அவர் நிம்மதியானவர், நான் கவலைக்காரி என்று முடிவு கட்டியது உங்களுக்கு நீங்களே செய்த அநியாயம்.

இருவரும் ஒரே நேரத்தில் கொடுத்திருந்தாலும் எண் ஒன்றாக வந்திருக்காது. வயது ஏற ஏற மாலை, இரவு நேரக் கார்டிசால் சராசரியில் கொஞ்சம் உயர்கிறது, நாளின் ஏற்ற இறக்கம் சற்றுத் தட்டையாகிறது. ஆனால் அந்தச் சராசரிக்கு உள்ளே மனிதருக்கு மனிதர் வித்தியாசம் மிகப் பெரியது. பிறவியில் வந்த மரபணுக்கள், சிறுவயதில் பட்ட கஷ்டங்கள், தூக்கம், மனச்சோர்வு, சாப்பிடும் மருந்துகள் எல்லாம் அதில் பங்கு போடுகின்றன. ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993-ல் வெளியான ஒரு சோதனை முறை உண்டு. முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்கள் முன்னால் நின்று பேச வேண்டும், மனக்கணக்குப் போட வேண்டும். அப்போது கார்டிசால் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார்கள். ஒரே வயதுக்காரர்களிலேயே ஒருவருக்கு எகிறும், இன்னொருவருக்கு அசையாது. பல வகைச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால், வயது கூடும்போது இந்த எகிறல் கூடுவது ஆண்களைவிடப் பெண்களிடம் சராசரியில் அதிகமாகத் தெரிகிறது.

குறைவாக இருந்தால் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். நாஜிகளின் யூத இனப்படுகொலையிலிருந்து உயிர்தப்பி முதுமையை எட்டியவர்களை ரேச்சல் யெஹுடா என்ற ஆய்வாளர் பரிசோதித்தார். அந்தக் கொடுமையின் வடு மனதில் ஆறாமல் இருந்தவர்களுக்குக் கார்டிசால் குறைவாக இருந்தது. கூடினால் கவலை, குறைந்தால் அமைதி என்ற கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது.

கடிதம் முழுக்க நீங்கள் கார்டிசாலைப் பற்றிக் கேட்டாலும், உங்கள் பயம் உங்கள் அம்மாவைப் பற்றியது. கடைசி ஆண்டுகளில் அவர் உங்களையே அடையாளம் தெரியாமல் பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே வழியில் நானும் போய்க்கொண்டிருக்கிறேனா என்பதுதான் கேள்வி. "கார்டிசால் மூளையைச் சுருக்கும்" என்ற காணொளி அந்தக் காயத்தில்தான் கைவைத்தது.

அந்தக் காணொளிகளுக்கு மூலமாக இருப்பவற்றில் முக்கியமானது மாண்ட்ரியலில் சோனியா லூபியன் குழு நடத்தி 1998-ல் வெளியிட்ட ஆய்வு. ஆரோக்கியமான முதியவர்களின் கார்டிசாலைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்தார்கள். சிலருக்கு ஆண்டுக்கு ஆண்டு ஏறியது, சிலருக்கு இறங்கியது, சிலருக்கு அப்படியே நின்றது. ஏற்கெனவே உயரமாக இருந்து மேலும் ஏறிக்கொண்டே போனவர்களுக்கு நினைவாற்றல் சோதனையில் மதிப்பெண் குறைந்தது. நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும் மற்றவர்களைவிட 14 சதவீதம் சிறியதாக இருந்தது. காணொளியில் இதைத்தான் காட்டுவார்கள். மூளைப் படம் எடுக்கப்பட்டவர்கள் மிகச் சிலர்தான் என்பதைச் சொல்ல மாட்டார்கள். பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டே போன போக்குதான் கணக்கில் வந்தது, ஒரு காலை வேளையின் எண் அல்ல என்பதையும் சொல்ல மாட்டார்கள். சேர்ந்து காணப்பட்டதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்றும் ஆகிவிடாது. அதே ஆய்வில் பலருக்கு வயது ஏறியும் கார்டிசால் ஏறவில்லையே, அது ஏன் யார் கண்ணிலும் படுவதில்லை?

அதே குழு பிற்பாடு இன்னொன்றையும் காட்டியது, நான் அதற்குத்தான் அதிக மதிப்புக் கொடுப்பேன். பழக்கமில்லாத இடத்தில், தங்களுக்குத் தோதில்லாத நேரத்தில் நினைவாற்றல் சோதனை செய்தால் முதியவர்களுக்குக் கார்டிசால் ஏறுகிறது, மதிப்பெண் இறங்குகிறது. பழகிய சூழலில் செய்தால் அதே வயதுக்காரர்கள் நன்றாகவே செய்கிறார்கள். மறதி என்று நாம் எழுதிவைப்பதில் ஒரு பகுதி சோதனை தந்த பதற்றம்தான். மறந்துவிடுவோமோ என்று இரவும் பகலும் உங்களையே சோதித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நிலையில் யாருக்கும் பெயர்கள் நாக்கில் நிற்காது.

பிரெட்னிசோலோனும் நினைவையும் தூக்கத்தையும் மனநிலையையும் குலைக்கக்கூடியது. இந்த ஐந்து மாத மறதியை உங்கள் அம்மாவின் கணக்கில் எழுதாதீர்கள்.

நீங்கள் கேட்ட மற்றவற்றுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். முகம் வட்டமானது மாத்திரையால், மெல்லக் குறையும். அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வருவது இந்த வயதில் சகஜம், கார்டிசால் கசிவதால் மூளை கெடுகிறது என்ற பேச்சை விட்டுத்தள்ளுங்கள். முடி உதிர்வதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம். எச்சிலில் கார்டிசால் பார்க்கும் பெட்டியை வாங்க வேண்டாம். நள்ளிரவு எச்சில் சோதனையை மருத்துவர்கள் நாங்களும் செய்வோம். தோல் மெலிந்து கன்றிப்போகிறவர்கள், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாதவர்கள், திடீரென்று சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறியவர்கள் ஆகியோருக்கு அட்ரினலோ பிட்யூட்டரியோ உண்மையிலேயே அதிகம் சுரக்கிறதா என்று அறியத்தான் அது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும்போது செய்தால் பயனில்லை.

கார்டிசாலைக் குறைக்கும் என்று வரவழைத்த அமுக்கரா (அஸ்வகந்தா) காப்ஸ்யூலை இன்றே நிறுத்துங்கள். இதைத் திடீரென்று நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு, தைராய்டு அளவையும் அது மாற்றும். கார்டிசால் போதாமல் தலைசுற்றும் ஒருவர் அதை இன்னும் குறைக்க மருந்து சாப்பிடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஐந்து மாத ஸ்டீராய்டுக்குப் பிறகு எலும்பின் அடர்த்தியையும் கண்ணையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது, அதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மூட்டுவலிக்கு என்ன காரணம் என்றும் அவர் கண்டுபிடிக்க வேண்டும். இதுவரை யாரும் அதைத் தேடியதாகக் கடிதத்தில் இல்லை.

நினைவாற்றல் சோதனை இப்போது வேண்டாம். ஸ்டீராய்டு விவகாரம் அடங்கி, தலைசுற்றல் நின்று, நன்றாகத் தூங்க ஆரம்பித்து இரண்டு மூன்று மாதம் ஆகட்டும். அதற்குள் பி12, தைராய்டு, காது கேட்கும் திறன் மூன்றையும் பார்த்துவிடுங்கள். இவை குறைந்தாலும் மறதி போலவே தெரியும். அப்புறமும் சந்தேகம் இருந்தால், உங்கள் தலை தெளிவாக இருக்கும் நேரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு சோதனைக்குப் போங்கள். கணவரையும் அழைத்துப் போங்கள். எதை மறந்தீர்கள், எப்போதிலிருந்து என்று மருத்துவரிடம் அவர் சொல்லட்டும்.