சைப்ரஸ் காய்கிறது, சோடாப் போத்தல் மருந்து கேட்கவில்லை

கேள்வி: வீட்டு முன்பக்கம் வரிசையாக நிற்கும் சைப்ரஸ் மரங்களில் மூன்றின் கொப்புகள் செம்பழுப்பாகக் காய்ந்து வருகின்றன. டவுனில் ஒரு மருந்துக் கடையில் கொப்பைக் காட்டினேன். “பங்கசுதான், இது எல்லாத்துக்கும் கேட்கும்” என்று சோடாப் போத்தலில் ஊற்றித் தந்தார். 1,800 ரூபா, பில் இல்லை. இரண்டு தடவை அடித்தும் பலனில்லை. இப்போது 4,500 ரூபாவுக்குக் கடுமையான மருந்து இருக்கிறதாம். வாங்கலாமா?
– வாசகி, நுவரெலியா

பதில்: வாங்காதீர்கள். என்ன நோய் என்று தெரியாமல் மருந்தின் கடுமையைக் கூட்டி என்ன பயன்?

முதலில் கொப்பு காயத் தொடங்கிய இடத்துக்குக் கீழே பட்டையைப் பாருங்கள். பட்டை குழிந்து வெடித்து, பிசின் வடிந்து காய்ந்திருந்தால் அது பட்டைப் புண் நோயாக இருக்கலாம். பங்கசுதான் காரணம் என்றாலும், உள்ளே இறங்கிவிட்ட புண்ணை எந்த மருந்தடித்தும் ஆற்ற முடியாது. மழையில்லாத நாளில், புண்ணுக்குக் கீழே நல்ல பகுதியோடு சேர்த்து வெட்டி எரித்துவிடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். அப்புறம் ஒன்று: காய்ந்துபோன சைப்ரஸ் கொப்பு திரும்பத் துளிர்க்காது. துளிர்க்க வைப்பதாகச் சொல்லி யாரும் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

பிசின் இல்லையா? ஒரு கொப்பின் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். பழுப்பு நிறச் சிறு பூச்சிகள் விழுந்து ஊர்ந்தால் அது அசுவினி. கொப்பில் பிசுபிசுப்பும் கரிபோன்ற பூஞ்சணமும் இருக்கும், எறும்பும் ஏறும். இதற்குப் பங்கசுநாசினி அடித்தால் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது, பூச்சிநாசினிதான் வேண்டும். கடையில் இந்த இரண்டையும் குழப்பிக் கொடுப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம். இரண்டு அடையாளமும் இல்லையென்றால் மண்ணில் தண்ணீர் தேங்கி வேர் அழுகுகிறதா என்று பாருங்கள்.

இன்னும் சந்தேகமா? 1920க்கு அழையுங்கள், விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம். இல்லாவிட்டால் பாதி காய்ந்து பாதி பச்சையாக உள்ள கொப்பொன்றை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். முழுதாகக் காய்ந்ததைக் கொண்டுபோனால் அவராலும் சொல்ல முடியாது.

சரி, அந்தப் போத்தல் விஷயம். பீடைநாசினியைச் சோடாப் போத்தலில் ஊற்றி விற்பது 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு முரணானது. பதிவு இலக்கம், மும்மொழி லேபிள் உள்ள, சீல் உடையாத மூடிய பொதியில்தான் வாங்க வேண்டும். லேபிள் இல்லாமல் எவ்வளவு தண்ணீரில் கலந்தீர்கள்? கடைக்காரர் வாயால் சொன்ன கணக்குத்தானே!

பில் கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி 3 மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

மிச்ச மருந்தைக் கானில் ஊற்றிவிடாதீர்கள், கீழே மரக்கறித் தோட்டங்களுக்குப் போகிற தண்ணீர் அது. போத்தலை மேலே “நஞ்சு” என்று எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். முறைப்பாட்டுக்குச் சான்றும் அதுதான்.