அந்த நோட்டை முதலில் படியுங்கள்

சார், போன சனிக்கிழமை மகளை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு நீங்களும் உங்கள் மனைவியும் அவளை என்ன படிக்க வைப்பது என்று என்னிடம் முக்கால் மணி நேரம் பேசினீர்கள். அவள் பேசியது நாலே வாக்கியம். கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதோடு விட்டது என் தப்பு, மீதியை இப்போது சொல்கிறேன்.

மேனேஜ்மெண்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு வாங்க வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்காதீர்கள். பெரியப்பா பையன் அதைப் படித்து நன்றாக இருக்கிறான், சந்தோஷம். அவனுக்கு அதில் ஆசை இருந்தது, இவளுக்கு இல்லை. தவணை கட்டப்போவதும் பெரியப்பா இல்லை.

பக்கவாதம் வந்த பாட்டிக்கு எது புரிகிறது, எது புரியவில்லை என்று அவள் எட்டு மாதமாக எழுதிவரும் நோட்டைப் பார்த்தேன். நீங்கள் பிரித்துப் பார்த்தீர்களா? 'அம்மா அக்காவைக் கூப்பிட்டாள்': யார் கூப்பிட்டது என்று பாட்டி சரியாகக் கை காட்டியிருக்கிறார். 'அக்காவை அம்மா கூப்பிட்டாள்': தடுமாறியிருக்கிறார். அதே மூன்று சொற்கள், வரிசைதான் வேறு. ஒவ்வொன்றுக்கும் தேதி, டிக் அல்லது பெருக்கல் குறி. யாரும் சொல்லித்தராமல் ஒரு பதினேழு வயதுப் பெண் சோதனை நடத்தியிருக்கிறாள் சார்.

மொழி மனதில் எப்படிப் புரிகிறது என்று சோதனை செய்து பார்ப்பது ஒரு தனித் துறை. உளமொழியியல் என்பார்கள். 'குமார் பாலைக் குடித்த...' வரை படியுங்கள். குடித்தது குமார் என்றுதானே தோன்றுகிறது? அடுத்து 'டம்ளரை உடைத்தான்' என்று வந்தால் சிக்கலில்லை. 'பூனையை விரட்டினான்' என்று வந்தால் குடித்தது பூனை. மனம் ஒரு அடி பின்னால் போய்த் திரும்ப வருகிறது. கணினித் திரையில் சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டி, படிப்பவர் பட்டனை அழுத்த எடுக்கும் நேரத்தை மில்லிசெகண்டில் அளப்பார்கள். கண் எந்தச் சொல்லில் நிற்கிறது, எதற்குத் திரும்புகிறது என்று பார்க்கக் கருவி உண்டு. 1980-இல் மார்ட்டா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்டு என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 'சூடான ரொட்டியில் காலுறையைத் தடவினான்' என்பது போன்ற வாக்கியங்களைப் படிக்கக் கொடுத்து மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். பொருந்தாத அந்தச் சொல் கண்ணில் பட்டுச் சுமார் 400 மில்லிசெகண்டில் அலை மாறியது. இன்றைக்கும் அந்த அலையை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது. நெதர்லாந்தின் நைமேகனில் இதற்கென்றே ஒரு மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

பேச்சு-கேட்டல் சிகிச்சைப் படிப்பும் நல்லதுதான். ஆனால் அவள் என்னிடம் கேட்டது 'எப்படிச் சரி செய்வது' என்றல்ல. 'வரிசை மாறினா ஏன் சார் புரியல' என்று.

வழி இதுதான். பக்கத்து அரசுக் கல்லூரியில் உளவியலோ கணிதமோ மூன்று வருடம். கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரம்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். புள்ளியியலை மட்டும் விடவே கூடாது. அது தெரியாமல் இந்தத் துறையில் ஒரு அடி நகர முடியாது. அப்புறம் காக்னிட்டிவ் சயின்ஸ், அதாவது மனம் எப்படி இயங்குகிறது என்று ஆராயும் படிப்பு, அதில் முதுகலை: ஐஐடி காந்திநகர், ஹைதராபாத் பல்கலைக்கழகம், அலகாபாத் பல்கலைக்கழகம். கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சிக்கும் எழுதும் நெட் தகுதித் தேர்வில் மொழியியல் ஒரு பாடம். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் ஆராய்ச்சி செய்யும்போது மாதம் 37,000 ரூபாய்.

சீக்கிரம் சம்பாதிக்க முடியாது, அதை மறைக்கமாட்டேன். முனைவர் பட்டம் முடிய அவளுக்கு இருபத்தெட்டு வயதுகூட ஆகலாம். நடுவில் கல்யாணப் பேச்சு வரும், பெரியப்பாவும் வருவார். அப்போது அவள் பக்கம் நிற்க முடியுமா என்று இன்றைக்கே நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்.

வரும் சனிக்கிழமை அவளை மட்டும் அனுப்புங்கள். நோட்டையும் கொண்டுவரட்டும்.