விரல் ஏன் வரவில்லை?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். முக்கால் அடி உயரத்தில் ஒரு நடனப்பெண்ணை மெழுகில் செய்து, ஜூலையில் பீன்யா பக்கம் ஒரு பட்டறையில் வெண்கலத்தில் வார்க்கக் கொடுத்தேன். தூக்கிய கையில் இரண்டு விரல்களைக் காணோம். முதுகெல்லாம் ஊசித் துளைகள். தவறு என்னுடையதா, அவர்களுடையதா?

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விரல் முறிந்திருந்தால் அந்த இடம் சொரசொரவென்று இருக்கும். உங்கள் சிலையில் நுனி மழுங்கி, உருண்டிருக்கிறது. உலோகம் அங்கே போய்ச் சேருமுன் உறைந்துவிட்டது. மெழுகின் மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துச் செய்யும் அச்சு வார்க்குமுன் ஆறிப்போயிருக்கலாம், விரல் நுனியில் சிக்கிய காற்று வெளியேற வழியில்லாமலும் இருந்திருக்கலாம். முதலாவது பட்டறையின் பொறுப்பு. இரண்டாவதை மெழுகிலேயே நீங்கள் கவனித்திருக்கலாம்.

சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகை வடித்த அச்சை மண்ணில் புதைத்து, சூடு இறங்குமுன் உலோகம் உருக்கிய பாத்திரமான மூசையைச் சாய்த்துவிடுவார்கள். விரல், சடை போன்ற மெல்லிய உறுப்புகளைத் தனியே நீட்டிக்கொண்டிருக்க விடமாட்டார்கள். பக்கத்து உறுப்போடு மெழுகுக் குச்சியால் இணைப்பார்கள். உலோகம் இரண்டு பக்கமிருந்தும் ஓடிவரும்; வார்த்த பிறகு குச்சியை அறுத்து அரம் போட்டால் போயிற்று. அடுத்த முறை அப்படிச் செய்யுங்கள். நுனியிலிருந்து மேல்நோக்கி ஒரு மெல்லிய மெழுகுத் தண்டும் வையுங்கள், காற்று அந்த வழியாகப் போய்விடும்.

ஊசித் துளைகளுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது ஈரத்தை. ஜூலையில் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். பெங்களூரு மழையில் மண் பூச்சு மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். ஒவ்வொரு பூச்சும் நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. துளை பரவாயில்லை, ஈர அச்சில் உருகிய உலோகம் பட்டால் நீராவி பீறிட்டு ஆளைச் சுட்டுவிடும்.

அப்புறம், எவ்வளவு உலோகம் வேண்டும் என்று கணக்கிட மெழுகை எடை போட்டீர்களா? வெண்கலம் அதைப்போல் சுமார் 9 மடங்கு கனம். 400 கிராம் மெழுகென்றால் 3.6 கிலோ, உலோகம் அச்சுக்குள் ஓடிவரும் வாய்க்காலுக்குத் தனி.

சரி, இந்தச் சிலையைத் தூக்கிப் போட வேண்டாம். பூசைக்கான திருமேனியில் பின்னம், அதாவது உடைவோ குறையோ, ஆகாது என்று மறுபடி வார்ப்பார்கள். உங்களுடையதில் விரலைப் பற்றவைத்து உளியால் சீர் செய்யலாம். வேறு உலோகக் கம்பியால் பற்றவைத்தால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். அதே உலோகம் வேண்டும்; அறுத்தெடுத்த வாய்க்கால் துண்டை இன்றே கேட்டு வாங்குங்கள். தாமதித்தால் அடுத்தவர் சிலைக்காக மூசைக்குள் போய்விடும்.