நோட்டில் 1,600 கலோரி, தராசில் அதே 74 கிலோ

காவேரிப்பட்டணத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். வயது 42, உயரம் 156 செ.மீ. மூன்று மாதத்துக்கு முன்பு எடை 76 கிலோ. கைப்பேசி ஆப்பில் விவரங்களைப் போட்டதும், தினமும் 500 கலோரி குறைத்து, 1,600-க்குள் சாப்பிடச் சொல்லியிருக்கிறது. அன்றிலிருந்து இட்லி, களி, டீ என எல்லாவற்றையும் நோட்டிலும் எழுதி வருகிறார். முதல் இரண்டு வாரத்தில் 2 கிலோ குறைந்தது. அப்புறம் 74-ஐ விட்டு நகரவே இல்லை. "ஒரு நாள்கூட 1,600-ஐத் தாண்டவில்லை. காலையில் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா தைராய்டாக இருக்கும் என்கிறார்கள். வீட்டுக்காரர் நான் ஒளித்து வைத்துச் சாப்பிடுவதாகக் கேலி செய்கிறார். 1,000 கலோரிக்குக் குறைத்துவிடலாமா?" என்று கேட்கிறார். வீட்டில் நான்கு பேர், மாதம் 4 லிட்டர் எண்ணெய், ஞாயிறு தவறாமல் பிரியாணி, கணவருக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை, அதனால் இவருக்கு 4 மணிக்கே எழுந்திருக்க வேண்டும் என்பதையும் எழுதியிருக்கிறார். இவ்வளவு விவரம் தந்ததற்கு நன்றி. பதிலில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: 1,000-க்குக் குறைக்க வேண்டாம். அடுத்தது வீட்டுக்காரருக்கு. நீங்கள் ஒளித்துச் சாப்பிடவில்லை என்பதை நான் நம்புகிறேன், அவரும் நம்பலாம். 1992-ல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு நடந்தது. "1,200 கலோரிக்குள்தான் சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை இறங்கவில்லை" என்று சொன்னவர்களை எடுத்துக்கொண்டு, அடையாளமிட்ட அணுக்கள் கலந்த தண்ணீரைக் குடிக்க வைத்து, சிறுநீர் வழியாக அவர்களுடைய உடம்பு உண்மையில் எவ்வளவு செலவழிக்கிறது என்று அளந்தார்கள். உடம்பின் செலவு இயல்பாகத்தான் இருந்தது. ஆனால் சாப்பிட்டதில் சராசரியாக 47 சதவீதம் கணக்கில் வரவில்லை. 2002-ல் அமெரிக்காவிலேயே இன்னொரு ஆய்வில், தொழில்முறை உணவியல் நிபுணர்களையே எழுதச் சொன்னார்கள். அவர்களும் நாளுக்குச் சுமார் 220 கலோரி குறைத்து எழுதினார்கள். இது தொழிலே உணவுக் கணக்காக இருப்பவர்களின் நிலை. எனவே விட்டுப்போவது நாணயக்குறைவு அல்ல. கண்ணால் அளக்க முடியாத ஒன்றைக் கண்ணால் அளக்கிறோம், அவ்வளவுதான்.

உங்கள் விஷயத்தில் அந்த 500 கலோரி எங்கே போனது என்று ஓரளவுக்குக் கண்டுபிடித்துவிடலாம்.

முதல் பாதி, நீங்கள் ஒரு கவளம் சாப்பிடுவதற்கு முன்பே போய்விட்டது. வகுப்பில் நாள் முழுக்க நின்றுகொண்டே பாடம் எடுப்பதால் ஆப்பில் "மிதமான உழைப்பு" என்ற வகையைத் தொட்டேன் என்கிறீர்கள். இந்த ஆப்கள் செய்வது இதுதான்: எடை, உயரம், வயதை வைத்து, சும்மா படுத்திருந்தாலே உடம்புக்கு ஆகும் செலவைக் கணிக்கின்றன. இப்போதைய 74 கிலோவுக்கு அது ஏறக்குறைய 1,345. அதை உழைப்புக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குகின்றன. மிதமான உழைப்புக்கு 1.55, லேசான உழைப்புக்கு 1.375. முன்னதை எடுத்தால் நாளைக்கு 2,080 கலோரி. பின்னதை எடுத்தால் 1,850. நின்று பாடம் எடுப்பதும், ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போய் வருவதும், காலை நடையும் சேர்ந்தால்கூட உங்களுக்குப் பொருந்துவது பெரும்பாலும் இரண்டாவதுதான். 1.55-உம் அதற்கு மேலே உள்ள எண்களும் களையெடுக்கும், கல் சுமக்கும் பெண்களுக்குத்தான். ஆக, 500 கலோரி பற்றாக்குறை என்று ஆப் காட்டியது உண்மையில் 250-தான்.

கைக்கடிகாரத்தின் மேலும் பாரம் போடாதீர்கள். முக்கால் மணி நேர நடைக்கு அது 300 கலோரி காட்டுகிறது, அதைச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று ஆப்பும் சொல்கிறது, நீங்கள்தான் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. உங்கள் எடைக்கு அந்த நடை, சும்மா இருப்பதைவிடக் கூடுதலாகச் செலவழிப்பது 140 கலோரி அளவுதான். 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் ஏழு கைக்கருவிகளைச் சோதித்தார்கள். நாடித்துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன. கலோரியில் மட்டும் இருப்பதிலேயே நல்ல கருவிகூட 27 சதவீதம் தப்பியது, மோசமானது 93 சதவீதம்.

மீதி 250 சமையலறையில் இருக்கிறது. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

தட்டைப் பார்க்காதீர்கள், மளிகைச் சீட்டைப் பாருங்கள். தருமபுரியில் என்னிடம் வருபவர்கள் எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது மாத எண்ணெய்க் கணக்கைத்தான். சோறும் களியும் கண்ணுக்குத் தெரியும். எண்ணெய் குழம்புக்குள்ளும் பொரியலுக்குள்ளும் மறைந்துவிடும். உங்கள் வீட்டில் 4 லிட்டர். ஒரு லிட்டர் சுமார் 910 கிராம். நான்கு பேர், முப்பது நாள் என்று வகுத்தால் ஆளுக்கு நாளைக்கு 30 கிராம். எண்ணெய் எதுவாக இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரி. செக்கெண்ணெய்க்கும் பாக்கெட் எண்ணெய்க்கும் இதில் வேறுபாடு கிடையாது. ஆக 270 கலோரி. உங்கள் நோட்டில் தினமும் "எண்ணெய் 2 டீஸ்பூன்" என்று இருக்கிறது. அது 80 கலோரிதான். வித்தியாசம் 190. பொரித்து மீந்த எண்ணெயைக் கொட்டியது, பிள்ளைகள் தட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போனது என்று கழித்தாலும் 150 கலோரி தினமும் எழுதப்படாமல் உள்ளே போகிறது.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. "பிரியாணி 1 கப், 350" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் வீடுகளில் ஞாயிறு மதியம் பிரியாணி கப்பில் வருவதில்லையே. ஒரு தட்டு நிறையப் போட்டால் அரைக்கிலோ இருக்கும், 850 கலோரியாவது வரும். சாயங்காலம் டீயோடு இரண்டு நிப்பட்டு தின்றால் இன்னொரு 200. எண்ணெயில் பொரித்த மாவுப் பண்டம் எதுவானாலும் நூறு கிராமுக்கு 500 கலோரியை ஒட்டித்தான் இருக்கும். ஞாயிறு ஒரு நாளில் விட்டுப்போன 700 கலோரியை வாரம் முழுக்கப் பரப்பினால் நாளைக்கு 100. எண்ணெயின் 150, இந்த 100, இரண்டும் சேர்ந்து அந்த இன்னொரு 250-ஐயும் மூடிவிட்டன. உங்கள் எடை ஏன் 74-லேயே நிற்கிறது என்பதற்கு வேறு மர்மம் தேவையில்லை.

இந்தக் கணக்கும் துல்லியமானதல்ல, மதிப்பீடுதான். ஆனால் எந்தத் திசையில் தேட வேண்டும் என்பதைக் காட்டிவிடுகிறது.

களி பற்றி ஒரு வார்த்தை. கேழ்வரகு எடையைக் குறைக்கும் என்ற நம்பிக்கை நம் பக்கம் பலமாக இருக்கிறது. கேழ்வரகு மாவு 100 கிராமுக்கு 320 கலோரி, அரிசி 355. பெரிய வித்தியாசம் இல்லை. கேழ்வரகின் பெருமை அதன் சுண்ணாம்புச் சத்திலும் நார்ச்சத்திலும் இருக்கிறது, கலோரியில் அல்ல. ஒரு பெரிய உருண்டைக்கு எவ்வளவு மாவு போகிறது என்று ஒரே ஒரு நாள் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பல வீடுகளில் 100 கிராமை எட்டுகிறது. ஆப்பிலோ "ராகி உருண்டை" என்று யாரோ எப்போதோ போட்டு வைத்த எண் ஒன்று இருக்கும். அதே மாதிரி சோறு: வேகாத அரிசி 100 கிராம் 355 கலோரி, வெந்த சோறு 100 கிராம் 130. எதை நிறுத்தீர்களோ அதையே ஆப்பிலும் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் சிலர் தங்களுக்கே பாதகமாகக் கூட்டி எழுதிவிட்டுப் பட்டினி கிடப்பதையும் பார்க்கிறேன். களியோடு கொள்ளுக் கடைசலைத் தாராளமாக வைத்துக்கொண்டு உருண்டையைச் சிறிதாக்குவது நல்ல வழி. கொள்ளில் நூறு கிராமுக்கு 21 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, பசி தாங்கும். மாம்பழ காலத்தில் கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மாம்பழமே தொடாமல் இருப்பதும் வேண்டாம். 150 கிராம் சதைக்கு 90 கலோரி. எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுங்கள். பாட்டில் மாம்பழ பானம் வேறு விஷயம், அது பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர்.

முதல் இரண்டு வாரத்தில் இறங்கிய 2 கிலோவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை அளவுகோலாக வைத்துத்தான் இப்போது மனம் ஒடிந்திருக்கிறீர்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர். ஈரலும் தசையும் சேமித்து வைக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் அது வெளியேறுகிறது. இதே தண்ணீர் எதிர்த்திசையிலும் விளையாடும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் சிலருக்கு ஒன்றிரண்டு கிலோ ஏறும். ஊறுகாய், கருவாடு தின்ற மறுநாள் ஏறும். புதிதாக எடை தூக்கும் பயிற்சி தொடங்கினாலும் ஏறும். கொழுப்பு மாதம் ஒரு கிலோ இறங்கும்போது தண்ணீர் இரண்டு கிலோ ஏறி இறங்கினால், தராசில் எதைப் பார்ப்பீர்கள்?

தூக்கத்தை நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். நான் கடக்க மாட்டேன். இரவு பதினொன்றரைக்குப் படுத்து 4 மணிக்கு எழுந்தால் நாலரை மணி நேரம்தான். 2010-ல் சிகாகோவில் ஒரே ஆட்களை, உணவைக் குறைத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும் இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்கச் செய்து பார்த்தார்கள். இரண்டு முறையும் ஏறக்குறைய 3 கிலோதான் குறைந்தது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு; தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோதான் கொழுப்பு, மீதி தசை முதலியவை. பசியும் கூடியது. கணவரின் காலை ஷிஃப்ட் வாரங்களில் இட்லி மாவும் நறுக்கிய காயும் முந்தின நாளே தயாராக இருக்கட்டும்; டிபன் கட்டும் வேலையை அவரும் எடுத்துக்கொள்ளட்டும். கேலி செய்வதைவிட அது உதவும்.

1,000 கலோரி ஏன் கூடாது? இப்போது நோட்டில் 1,600 என்று எழுதி உண்மையில் 1,850 சாப்பிடுகிறீர்கள். எண்ணெயையும் சரியாக அளந்து, கூடவே 1,000-க்கும் இறங்கினால் ஒரேயடியாக 850 கலோரி வெட்டு விழும். தசை கரையும், முடி கொட்டும், வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் வரவும் வாய்ப்புண்டு. பசி சும்மா இருக்காது. எடை ஒரு கிலோ குறைந்தால் உடம்பின் செலவு நாளுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது, பசியோ 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது என்று கணித்திருக்கிறார்கள். இந்தப் பசியோடு வருஷக்கணக்கில் சண்டை போட யாராலும் முடியாது.

சரி, என்ன செய்யலாம்? நோட்டில் 1,600 அப்படியே இருக்கட்டும். அதை உண்மையான 1,600 ஆக்குங்கள். காலையில் 80 மில்லி எண்ணெயை ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி அடுப்படியில் வையுங்கள். பெரிய கேனை மேல் அலமாரியில் ஏற்றிவிடுங்கள். அன்றைய சமையல் முழுக்க அந்த 80-க்குள். உங்கள் பங்கு 20 மில்லி, 165 கலோரி என்று எழுதுங்கள். ஞாயிறு பிரியாணியைத் தராசில் நிறுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், கால்கிலோ போதும், பக்கத்தில் வெங்காயப் பச்சடி நிறைய. தினமும் காலைக்கடன் முடித்து, டீ குடிக்கும் முன் எடை பார்த்து எழுதுங்கள். ஒரு நாள் எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம். ஏழு நாள் சராசரியை எடுத்து, நான்கு வாரம் கழித்து வரும் சராசரியோடு ஒப்பிடுங்கள். நான்கு வாரம் ஏன் என்றால், மாதவிலக்குச் சுழற்சியில் ஏறக்குறைய அதே இடத்துக்கு அப்போதுதான் திரும்பி வருவீர்கள். இடுப்பையும் தொப்புள் மட்டத்தில் டேப்பால் அளந்து வையுங்கள்.

நாளுக்கு 250 கலோரி குறைந்தால் மாதம் ஏறக்குறைய ஒரு கிலோ. கேட்க ஏமாற்றமாக இருக்கும், தெரியும். ஆனால் உங்கள் உயரத்துக்கு 4, 5 கிலோ குறைந்தாலே சர்க்கரை, ரத்த அழுத்தம் வரும் அபாயம் நன்றாகக் குறையும். சராசரி அசையாமல் நின்றால் ஆப் சொல்லும் சூத்திரத்தை விட்டுவிடுங்கள். அப்போது நோட்டில் எந்த எண்ணை எழுதிக்கொண்டிருக்கிறீர்களோ அதுதான் உங்கள் எடை நிற்கும் அளவு. அதிலிருந்து 150, 200 குறைக்க வேண்டும். எண் உண்மையாக இருப்பதைவிட, தினமும் ஒரே மாதிரி அளப்பது முக்கியம்.

தைராய்டு பரிசோதனை செய்துகொள்வதில் தவறில்லை. டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை சாதாரணமானது; 42 வயதில் பார்த்து வைப்பது நல்லதும்கூட. ஆனால் தைராய்டு குறைவால் கூடும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோ வரைதான், அதிலும் நிறைய உப்பும் நீரும்தான். உங்கள் முழுக் கதையையும் அதன் தலையில் கட்ட முடியாது. ஏதேனும் மாத்திரை எடுக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இன்சுலின், கிளிமிபிரைடு போன்ற சில சர்க்கரை மருந்துகள், ஸ்டீராய்டு, வலிப்புக்கும் மனநோய்க்கும் தரும் சில மருந்துகள் எடையைக் கூட்டும். மூட்டு வலிக்கு என்று பெயர் ஒட்டாத பொட்டலத்தில் தரும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு. இதில் எது இருந்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் மருந்தையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவரானால், சாப்பாட்டைக் குறைக்கும் முன்பே காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். மாதவிலக்கு தப்பிப்போவது, முகத்தில் முடி, கால் வீக்கம், மூச்சு வாங்குவது, உரக்கக் குறட்டை விட்டுப் பகலில் தூங்கி வழிவது, இவற்றில் ஏதாவது இருந்தால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போய்ப் பாருங்கள்.