விடிய விடியக் கூத்து – கடிதம்

அன்புள்ள ஐயா,

வடசென்னை கொருக்குப்பேட்டையில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஆடிக் கூழ் வார்க்கும் அன்று ராத்திரி ‘திரௌபதி துகில்’ தெருக்கூத்து. போன வருஷமும் போனோம். ஒன்பது மணிக்கே முன்வரிசை ஓரத்தில் நாற்காலி பிடித்து உட்கார்ந்தோம். பதினொன்றரை வரை கதையே தொடங்கவில்லை. பாட்டில் ஒரு சொல்லும் புரியவில்லை, காது வேறு அடைத்துக்கொண்டது, எழுந்து வந்துவிட்டோம். இந்த முறை அப்பா, அம்மா, ஏழும் பத்தும் வயதான பிள்ளைகள், கூத்தே பார்த்திராத நண்பர்கள் நான்கு பேர் வருகிறார்கள். எப்படிப் பார்ப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் எழுந்த நேரத்தில்தான் கூத்து சூடு பிடிக்கும். ராத்திரி முதலில் கேட்கும் மேளம் களரி கட்டுவது. களரி என்றால் கூத்து ஆடும் இடம். மிருதங்கம், டோலக், ஹார்மோனியம், முகவீணை என்ற சின்னக் குழல், தாளம் எல்லாம் சேர்ந்து ஊரைக் கூப்பிடுகின்றன. அப்போது வேஷக்காரர்கள் உள்ளே அரிதாரம் பூசிக்கொண்டிருப்பார்கள். அதற்கப்புறம் கடவுள் வாழ்த்து, கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் வரவு, அவன் பகடி. துரியோதனன் திரைக்குப் பின்னால் வந்து நிற்கப் பதினொன்று, அதற்கு மேலும் ஆகலாம். துகில் உரியும் கட்டம் பின்னிரவில்தான். அதனால் பிள்ளைகளை மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்க வையுங்கள். பெரியவர்களும் கொஞ்சம் படுத்து எழட்டும். வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பத்தரைக்குப் போனால் போதும்.

காது அடைத்ததற்குக் காரணம் உட்கார்ந்த இடம். ஸ்பீக்கர் பெட்டிகளைக் களரியின் இரண்டு மூலையிலும் வைப்பார்கள். முன்வரிசை ஓர நாற்காலி நேராக அதன் வாயில் இருக்கிறது. நடுவில் தரையில் பாய் விரித்து உட்காருங்கள். பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது, சலங்கைக் கால் கண்ணெதிரே அடிக்கும். முழங்கால் வலிக்கும் பெரியவர்களுக்கு அதே நேர்கோட்டில் ஐந்தாறு வரிசை பின்னால் நாற்காலி போடுங்கள். தலையணை ஒன்று, போர்வை ஒன்று, கொசுவுக்குத் தடவ ஏதாவது, தண்ணீர். பிள்ளைகள் நடுவில் தூங்கினால் எழுப்பாதீர்கள். எழுப்ப வேண்டிய இடம் இரண்டுதான்: துரியோதனன் வரவும் துகிலும்.

வரவை நண்பர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இரண்டு பேர் திரையைப் பிடிப்பார்கள். மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே கால் தெரியும், ஆள் தெரியமாட்டான். திரைக்குள்ளிருந்தே பாடுவான், கட்டியங்காரன் நீ யார் என்று கேட்டுக்கொண்டே இருப்பான். திரை விலகும்போது சிவந்த முகமும், கண்ணாடித் துண்டு பதித்த புஜக்கட்டையும், மார்புப் பதக்கமும் ஒரே நேரத்தில் விளக்கில் பளீரிடும். அந்தக் கட்டைகள் மரத்தில் செதுக்கியவை. கனமில்லாத மரமாகப் பார்த்துச் செய்வதால்தான் அதைச் சுமந்துகொண்டு கிறுகிறுவெனச் சுற்ற முடிகிறது. போன வருஷம் நீங்கள் தாமதம் என்று நினைத்தது இதைத்தான். ராஜா வருகிறான் என்பதை நமக்கு நம்ப வைக்க அவ்வளவு நேரம் வேண்டியிருக்கிறது.

பாட்டு புரிவதற்கு ஒரு வழி உண்டு. மைக் இல்லாத காலத்தில் கடைசி ஆள் வரை கேட்க வேண்டுமென்று உச்ச சுருதியில் பாடிப் பழகியது இன்னும் அப்படியே இருக்கிறது. அதில் சொல் கரைந்துவிடும். ஆனால் வேஷக்காரர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுவார், பிறகு அதே விஷயம் வசனமாகவும் வரும். முதல் தடவை ஆட்டத்தைப் பாருங்கள், பின்பாட்டில் சொல்லைப் பிடியுங்கள், மிச்சத்தை வசனம் கொடுத்துவிடும். சூதாட்டம் வரைக்குமான பாரதக் கதையை அப்பாவோ அம்மாவோ அன்று சாயங்காலம் பிள்ளைகளுக்கும் நண்பர்களுக்கும் சொல்லட்டும். பாட்டி சொல்வது போல் அரை மணி நேரம் சொன்னால் போதும்.

கதையும் உங்களுக்கு நன்றாக அமைந்திருக்கிறது. அர்ச்சுனன் தபசு என்றால் தவத்துக்காக அவன் ஏறும் உயரமான மரக் கம்பத்தை நடத் திடல் வேண்டும், உங்கள் தெரு தாங்காது. கர்ண மோட்சம் நம் பக்கத்தில் கருமாதி இரவில் நடப்பது. துக்க வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டிய கூத்து அது, விருந்தாளிகளைக் கூட்டிப்போக வேண்டாம்.

துகில் கட்டத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றுவார்கள். கூட்டத்தில் யாருக்காவது சாமி வரலாம். பிள்ளைகளை அந்நேரம் மடிக்கு இழுத்துக்கொள்ளுங்கள், வழி விடுங்கள், செல்போன் வெளிச்சத்தை அடிக்காதீர்கள். தெருமுனையில் டீ குடிக்கப் போகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மெயின் ரோட்டைக் கடக்க வேண்டாம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ராத்திரியில்தான் வேகமாக ஓடும்.

வேஷம் கட்டுவதைப் பிள்ளைகள் பார்க்க ஆசைப்பட்டால் ஒன்பது மணிக்கு முன்னால் கூத்து வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம். கிரீடத்தைத் தாண்டக் கூடாது, தொடவும் கூடாது. அன்பளிப்பு தர நினைத்தால் கட்டியங்காரன் கையில், பகடி நடக்கும்போது கொடுங்கள். பேர் சொல்லி அறிவிப்பதற்காக அவர் ஆட்டத்தை நிறுத்துவார். திரௌபதி அழுதுகொண்டிருக்கும்போது அவர் நிறுத்தும்படி ஆகிவிடக் கூடாது.