நூறைத் தொட்டதும் நடுங்கும் கார்: டயர் குறித்த கேள்விகளும் பதில்களும்

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எனக்கு வரும் கேள்விகள் ஒரே பக்கம் திரும்பிவிடுகின்றன. சிங்கப்பூருக்குள் அமைதியாக ஓடும் கார், துவாஸ் சோதனைச்சாவடியைத் தாண்டி மலேசிய நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் நடுங்குகிறது. டயர் மட்டமானதா, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்கிறார்கள். டயர் வேலையிலேயே 20 ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் என்ற முறையில், இம்முறை வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஈசூன் வாசகர்: வணக்கம் அண்ணன். 205/55ஆர்16 அளவில் 4 புது டயர்கள் மாட்டி 2 மாதமாகிறது. தீவு விரைவுச்சாலையில் 80, 90இல் ஒன்றும் தெரிவதில்லை. மலாக்கா போனபோது 100ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கியது. இரண்டு முறை பேலன்ஸிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்துவது) செய்துவிட்டேன். இயந்திரத்தின் திரையில் பூஜ்யம்தான் காட்டியது. டயர் தரமற்றதா?

பதில்: உங்கள் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டரில் அது வினாடிக்கு 14 முறை சுற்றுகிறது. சக்கரமும் அதைத் தாங்கும் பாகங்களும் ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் நடுவே தமக்கென ஒரு துள்ளல் வேகம் உடையவை. சாதாரணக் கார்களில் அது வினாடிக்கு 10 முதல் 15 வரை இருக்கும். ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளினால் சிறு கையும் உயரத் தூக்கிவிடுவதைப் போல, இந்த இரண்டும் நெருங்கும் வேகத்தில் சிறு குறையும் பெரிய நடுக்கமாகிவிடுகிறது. கூடவே, எடை ஏற்றத்தாழ்வால் வரும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். ரிம்மின் விளிம்பருகே 30 கிராம் குறைந்திருந்தால் 100இல் அது ஏறத்தாழ 5 கிலோ எடைக்கு நிகரான விசையோடு சக்கரத்தை இழுக்கும். 50இல் அதன் கால்பங்குதான். சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் வேக வரம்பு 90ஐத் தாண்டாததால், பல கார்களின் குறை இங்கே வெளியில் வருவதே இல்லை.

திரையில் பூஜ்யம் வந்தால் எடை சமமாகிவிட்டது என்றுதான் பொருள். சக்கரம் வட்டமாக இருக்கிறது என்று பொருளில்லை. பேலன்ஸிங் இயந்திரத்தில் சக்கரம் காற்றில் சுற்றுகிறது, சாலையிலோ அதன் மேல் 300, 400 கிலோ பாரம் உட்கார்ந்திருக்கிறது. டயர் பல அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று சுற்றிச் செய்யப்படுவதால், அடுக்குகளின் முனைகள் சேரும் இடம் சற்றே விறைப்பாக இருக்கக்கூடும். பாரத்தோடு சுற்றும்போது அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் காரை ஒருமுறை உதைக்கும். தயாரிப்பின் தரம் என்று நாம் சொல்வது இங்கேதான் கைக்குத் தெரிகிறது. இருந்தாலும் நல்ல பெயருள்ள தயாரிப்பில்கூட ஒரு டயர் தவறி வரக்கூடும் என்பதால், நான்கையும் ஒரேயடியாகக் குற்றம் சொல்லிவிடாதீர்கள்.

முதலில் முன் சக்கரங்கள் இரண்டையும் பின்னாலும், பின்னிரண்டை முன்னாலும் மாற்றி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். முன் சக்கரத்தின் குறை பெரும்பாலும் ஸ்டியரிங்கில் தெரியும். பின் சக்கரத்தின் குறை இருக்கையிலும் தரையிலும் தெரியும். முடிவை எனக்கு எழுதுங்கள்.

செங்காங் வாசகர்: கடையில் 17 அங்குல ரிம் வாங்கி மாட்டியதிலிருந்து நடுக்கம். பழைய ரிம்மில் இல்லை, ஐயா.

பதில்: ரிம்மின் நடுத்துளையைப் பாருங்கள். வெளியில் விற்கப்படும் பல ரிம்களின் நடுத்துளை, எல்லாக் கார்களுக்கும் பொருந்தட்டும் என்று 73.1 மில்லிமீட்டர் அளவில் செய்யப்படுகிறது. ஹோண்டா கார்கள் பலவற்றில், சக்கரம் மாட்டப்படும் ஹப் என்ற பாகத்தின் நடுப்பகுதி 64.1 மில்லிமீட்டர்தான். இந்த இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் உண்டு. அது இல்லாவிட்டால் ரிம்மை நடுவில் நிறுத்தும் பொறுப்பு முழுவதும் நட்டுகளுக்கு வந்துவிடும். காரை ஜாக்கியில் தூக்கி, நட்டுகளை நட்சத்திர வரிசையில் படிப்படியாக இறுக்கி, கடைசி இறுக்கத்தை, அதன் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் முடிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான சிறிய கார்களுக்கு அது 100 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும். உங்கள் காரின் கையேட்டில் சரியான எண் உண்டு. காற்றுத் துப்பாக்கியால் படபடவென்று அடித்து முடிப்பது எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காரில் பேலன்ஸிங், டயர், ரிம் எல்லாவற்றையும் மாற்றியும் நடுக்கம் நிற்கவில்லை. சக்கரத்தைக் கழற்றி ஹப்பின் முகத்தை விரலால் தடவியபோது, ஒரு ஓரத்தில் நகத்தளவு துருச்செதில் ஒட்டியிருந்தது. தடிமன் அரை மில்லிமீட்டர் இருக்கும். 14 சென்டிமீட்டர் அகல ஹப்பில் அரை மில்லிமீட்டர் சாய்ந்தால், 63 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயரின் விளிம்பில் அது 2 மில்லிமீட்டருக்கு மேல் ஆடும். கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்தேன். அன்று மாலையே கார் அமைதியானது. அன்றிலிருந்து ஹப்பைத் துடைக்காமல் நான் சக்கரம் மாட்டியதில்லை.

பிடோக் வாசகர்: அலைன்மென்ட் செய்தும் நடுக்கம் போகவில்லை. போன மாதம்தான் கட்டாயப் பரிசோதனையிலும் தேறியது.

பதில்: சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வதுதான் அலைன்மென்ட். அது தவறினால் கார் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும், நேரடியாக நடுங்காது. அப்படித் தேய்ந்த டயர் பின்னாளில் நடுங்கும் என்பதால், டயரின் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். அலை அலையாகத் தட்டுப்பட்டால் காரணம் அதுவே. பரிசோதனை நிலையத்தில் காரை நூறு கிலோமீட்டர் வேகத்தில் சாலையில் ஓட்டிப் பார்ப்பதில்லை.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறேன், அண்ணே. ஜொகூர் பாருவில் மலிவாகக் கிடைக்கும் டயரை வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: எங்கே வாங்குகிறீர்கள் என்பதைவிட, எதை வாங்குகிறீர்கள் என்பதே முக்கியம். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் 4 இலக்கங்கள் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. அந்த எண் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம் என்பதால், மாட்டுவதற்கு முன்பே டயரைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அடுத்து 91வி போன்ற குறியீட்டைப் பாருங்கள்: 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதையும், வி என்பது மணிக்கு 240 கிலோமீட்டர் வரை ஏற்றது என்பதையும் குறிக்கும். கார் கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ளதைவிடக் குறைந்த குறியீட்டை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மலிவான டயர் எல்லாமே மோசம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சிங்கப்பூரின் அடைமழையில் பயணிகளோடு நாளெல்லாம் ஓடும் உங்களுக்கு, ஈரச்சாலையில் பிரேக் பிடிக்கும் திறன்தான் முதல் தேவை. அதிகமாக உழைக்கும் என்று சொல்லி விற்கப்படும் கடினமான ரப்பர் சில சமயம் இதில்தான் கைவிடுகிறது. பள்ளத்தின் ஆழம் சட்டப்படி 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. மழைக்காலத்தில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனதும் நான் மாற்றிவிடுவேன்.

தெம்பனிஸ் வாசகி: 3 வாரம் திருச்சிக்குப் போய்விட்டுத் திரும்பினோம், ஐயா. காரை எடுத்ததும் தடதடவென்று ஆடியது. கால் மணி நேரத்தில் நின்றுவிட்டது.

பதில்: கவலை வேண்டாம், சகோதரி. ஒரே இடத்தில் நின்றதால் தரையைத் தொட்ட பகுதி சற்றுத் தட்டையாகியிருக்கும். டயர் சூடேறியதும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிட்டது. காற்றை மட்டும் சரிபாருங்கள், அதுவும் டயர் குளிர்ந்திருக்கும்போது.

சுவா சூ காங் வாசகர்: பிரேக் மிதித்தால் மட்டும் ஸ்டியரிங் ஆடுகிறது.

பதில்: அது டயரின் வேலையாக இருக்க வாய்ப்புக் குறைவு. பிரேக் டிஸ்க்கின் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். அதேபோல், வேகமெடுக்கும்போது மட்டும் நடுங்கினால், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டின் உட்பக்க மூட்டைப் பார்க்க வேண்டும்.

பொங்கோல் வாசகர்: மின்சாரக் கார். மூவார் அருகே ஆணி குத்தியதால், காரோடு வந்த திரவத்தை ஊற்றிச் சமாளித்து வந்தேன். இப்போது வேகத்தில் நடுக்கம்.

பதில்: அந்தத் திரவம் டயருக்குள் தேங்கி இடம் மாறிக்கொண்டே இருக்கும், அதை வைத்துக்கொண்டு பேலன்ஸிங் செய்தால் ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும். டயரைக் கழற்றி உள்ளே கழுவித் துடைத்து, ஓட்டையை உட்புறமிருந்து ஒட்டச் சொல்லுங்கள். பக்கச்சுவரில் குத்தியிருந்தால் ஒட்ட முடியாது. மின்சாரக் கார் டயர்கள் சிலவற்றின் உள்ளே ஓசையைக் குறைக்கும் நுரைப்பட்டை ஒட்டியிருக்கும். அது பெயர்ந்திருந்தாலும் நடுங்கும் என்பதால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: 30, 40இலேயே ஸ்டியரிங் இடமும் வலமும் மெல்ல அசைகிறது. டயரில் ஒரு இடம் லேசாகப் புடைத்திருக்கிறது. சனிக்கிழமை குடும்பத்தோடு கோலாலம்பூர் போகலாமா?

பதில்: வேண்டாம். தயவுசெய்து போகாதீர்கள். உள்ளே இருக்கும் அடுக்குகள் பிரியத் தொடங்கியதற்கோ, பக்கச்சுவரின் நூல்கள் அறுந்ததற்கோ அடையாளம் அந்தப் புடைப்பு. நெடுஞ்சாலை வெயிலிலும் வேகத்திலும் அது வெடித்தால் காரைக் கட்டுக்குள் வைக்க உங்களுக்கு நேரம் கிடைக்காது. உபரிச் சக்கரம் இருந்தால் கார் நிறுத்தியிருக்கும் இடத்திலேயே மாற்றுங்கள். இல்லாவிட்டால் வந்து மாட்டிக்கொடுப்பவரை அழையுங்கள்.

ஈசூன் வாசகர் மீண்டும்: அண்ணன், சொன்னபடி மாற்றினேன். நேற்று இரவு குளுவாங் வரை போய்வந்தோம். ஸ்டியரிங் அமைதியாகிவிட்டது, பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா, காலடியில் தரை அதிர்கிறது என்றார்.

பதில்: அப்படியானால் இப்போது பின்னால் இருக்கும் இரண்டில் ஒன்றுதான். இரண்டையும் பேலன்ஸிங் இயந்திரத்தில் மாட்டி, கையால் மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். ஒரு பேனா முனையை அசையாமல் முதலில் ரிம்மின் விளிம்புக்கும், பிறகு டயரின் மேற்பரப்புக்கும் அருகே பிடித்தால், எங்கே இடைவெளி சுருங்குகிறது என்பது கண்ணுக்கே தெரியும். அந்த மேட்டைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, டயரை ரிம்மில் அரைச்சுற்றுத் திருப்பி மாட்டி மறுபடியும் பாருங்கள். மேடு டயரோடு நகர்ந்திருந்தால் டயரில் குறை, அதைக் கடையில் காட்டி மாற்றிக் கேளுங்கள். ரிம்மில் பழைய இடத்திலேயே நின்றால் ரிம் வளைந்திருக்கிறது. கண்ணுக்கு எந்த மேடும் தெரியவில்லை என்றால், உருளையால் டயரை அழுத்திச் சோதிக்கும் இயந்திரம் உள்ள கடைக்குக் கொண்டுபோங்கள். விறைப்பான இடத்தை அது காட்டிக்கொடுக்கும்.