வள்ளிமலைப் படியில் மட்டும் நெஞ்சு இறுக்குவது ஏன்?

"வயது 54. கிருத்திகைக்கு வள்ளிமலை ஏறினால் பாதிப் படியில் நடுநெஞ்சை அழுத்துகிறது. ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போய்விடுகிறது. ஈசிஜி நார்மல் என்கிறார்கள். வாயுத் தொல்லைதானா?" என்று குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வாயு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இதயத்துக்குள் எந்நேரமும் ரத்தம் நிரம்பியிருக்கிறது. ஆனால் அதன் தசை அதிலிருந்து குடிப்பதில்லை. 2021 நவம்பரில் ஓடியதுபோலப் பாலாறு இருகரை தொட்டு ஓடினாலும், கால்வாய் இல்லாத மேட்டு வயல் காய்ந்துதான் கிடக்கும். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனி கிளம்பும் இடத்திலேயே பிரிகிற இரண்டு கொரோனரி தமனிகள்தான் இதயத் தசைக்குக் கால்வாய். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி ரத்தம் இவற்றில் போகிறது. அதிலும் இடப்பக்கத் தசை சுருங்கும்போது தன் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. தளரும்போதுதான் அதற்குப் பெரும்பகுதி ரத்தம். துடிப்பு வேகமெடுத்தால் குறைவது அந்தத் தளரும் நேரம்தான்.

கை, கால் தசைகள் ஓய்வில், வருகிற ஆக்சிஜனில் கொஞ்சத்தைத்தான் எடுக்கும். வேலை கூடினால் மிச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும். இதயமோ ஓய்விலேயே 70 சதவீதம்போல எடுத்துவிடுகிறது. அப்புறம் அதற்கு உள்ள வழி, ரத்த வரத்தைக் கூட்டுவதுதான். உழைக்கும் தசையிலிருந்து வரும் அடினோசின், குழாயின் உட்சுவர் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு போன்றவை சிறு தமனிகளின் மடையைத் திறந்துவிடும். நல்ல இதயத்தில் வரத்து நாலைந்து மடங்குகூட ஏறும்.

கொரோனரி குழாயில் கொழுப்பு படிந்து முக்கால் பங்கு அடைத்திருந்தால்? ஓய்வுக்கே மடைகள் பாதி திறந்து சமாளித்துக்கொண்டிருக்கும். படுக்கவைத்து எடுத்த ஈசிஜியில் அது தெரியாமல் போகலாம். படியேறும்போது மிச்சமும் திறந்துவிடும்; அதற்குமேல் திறக்க மடை இல்லை. தசைக்கு ரத்தம் போதாமல் நெஞ்சு அழுத்துகிறது. உட்கார்ந்தால் தேவை இறங்கும், வலியும் இறங்கும். ஆம்பூர் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு நடந்தால் இன்னும் சீக்கிரம் வரும். வயிறும் ரத்தம் கேட்கிறதே.

இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். டிரெட்மில்லா (நடக்கவைத்து எடுக்கும் ஈசிஜி), ஆஞ்சியோவா (இதயக் குழாய்களின் அடைப்பைப் படம்பிடிக்கும் சோதனை) என்பதை அவர் முடிவு செய்யட்டும். சர்க்கரை, பி.பி., பீடி எதையும் மறைக்காதீர்கள். எத்தனையாவது படியில் வலி வந்தது என்றும் சொல்லுங்கள். இனி குறைந்த நடைக்கே வலி வந்தாலோ, உட்கார்ந்தும் விடாவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ சோடா குடித்துப் பார்க்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை கிருத்திகைக்கு அடிவாரத்துக் கோயிலிலேயே கும்பிட்டுக்கொள்ளலாம்.